புதிய கேடிஸ் பூச்சிச் சிற்றினத்தை எப்படி உறுதிசெய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையோடையில் ஒரு கல்லையாவது புரட்டிப் பார்த்தவர்கள் கேடிஸ் புழுவைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. மணலையும் குச்சித் துணுக்கையும் இழையால் ஒட்டிச் செய்த உறைக்குள் இருந்துகொண்டு, தலையையும் கால்களையும் மட்டும் வெளியே நீட்டி ஊர்ந்து போகுமே, அதுதான். அது முதிர்ந்தால் இறக்கையுள்ள கேடிஸ் பூச்சியாகிவிடும். உலகில் இதுவரை 16,000க்கும் மேற்பட்ட சிற்றினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் இன்னும் சேர்கின்றன. "புதிய சிற்றினம் கண்டுபிடிப்பு" என்று செய்தி வரும்போது, அது புதியது என்று எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. மாணவர்களும் ஓடை ஓரங்களில் பூச்சி பார்க்கும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தான்.

கேடிஸ் பூச்சி என்பது ஒருவகை அந்துப்பூச்சியா?

இல்லை, ஆனால் நெருங்கிய உறவு. டிரைக்கோப்டெரா என்ற தனி வரிசையைச் சேர்ந்தது. வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் அடங்கிய லெபிடோப்டெரா வரிசைதான் இதற்கு மிக அருகிலுள்ள சொந்தம். இரவில் விளக்கடியில் இரண்டும் கலந்தே வந்து உட்காரும். அந்துப்பூச்சியின் இறக்கையில் செதில்கள் இருக்கும். தொட்டால் பொடி ஒட்டும். கேடிஸ் பூச்சியின் இறக்கையை மூடியிருப்பது மயிர். சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல் இதற்குக் கிடையாது. உட்காரும்போது இறக்கைகளை ஓட்டுக்கூரை போல இருபுறமும் சாய்த்து வைத்துக்கொள்ளும். மெல்லிய நீண்ட உணர்கொம்புகள் முன்னால் நீட்டியிருக்கும். பெரும்பாலானவை பழுப்பும் சாம்பலுமாக இருப்பதால் கண்ணில் படாமலே போய்விடும்.

எல்லாப் புழுவும் உறை கட்டுமா? உறையை வைத்தே எந்தச் சிற்றினம் என்று சொல்லிவிட முடியாதா?

எல்லாம் கட்டுவதில்லை. ஒரு பெரும்பிரிவு உறையைச் சுமந்து திரியும். இன்னொன்று கல்லோடு ஒட்டிய நிலையான இருப்பிடம் அமைக்கும். அதில் ஹைட்ரோப்சைக்கிடே குடும்பம், ஓடும் நீரில் வலை பின்னி, அடித்து வரும் உணவைப் பிடிக்கிறது. ரையகோஃபிலா பேரினத்துப் புழுக்கள் புழுப்பருவம் முழுவதும் உறையில்லாமல் இரை தேடி அலைகின்றன. மூன்றுக்கும் பொதுவானது வாயருகிலிருந்து சுரக்கும் பட்டிழை. நீருக்குள்ளேயே, ஈரமான கல்லில் பிடித்துக்கொள்ளும் அந்த ஒட்டுந்திறன் பொருளறிவியலாளர்களையே ஈர்த்திருக்கிறது.

உறை குடும்பத்தைக் காட்டும், சில நேரம் பேரினத்தையும் காட்டும். சிற்றினம் வரை போவது அரிது. உறையை நம்பினால் எவ்வளவு தூரம் வழி தவறலாம் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. அமெரிக்காவில் நத்தை, சிப்பி ஆய்வில் பேர்பெற்ற ஐசக் லீ, 1834ல் மணலால் ஆன ஒரு சுருள் ஓட்டைப் புதிய நத்தைச் சிற்றினமாக விவரித்து, வால்வாட்டா அரெனிஃபெரா என்று பெயரிட்டார். அது ஹெலிகோப்சைக்கி என்ற கேடிஸ் புழு கட்டிய உறை. அத்தனை கச்சிதமாக நத்தை ஓடு போலவே சுருட்டிக் கட்டும் புழு அது.

புதிய சிற்றினம் என்பது ஓடையிலேயே தெரிந்துவிடுமா?

அனுபவசாலிக்குச் சந்தேகம் வரலாம், அதற்கு மேல் எதுவும் தெரியாது. புதியது என்ற முடிவு நுண்ணோக்கிக்கு முன்னால், பழைய விவரிப்புகளையும் பழைய மாதிரிகளையும் பக்கத்தில் வைத்து எடுக்கப்படுகிறது. சேகரித்த நாளுக்கும் பெயர் வெளியாகும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடிவிடும்.

நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கொசோவோ நாட்டின் மேற்கு எல்லையில் பியெஷ்கெத் எ நெமுனா என்றொரு மலைத்தொடர், தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. அங்கே, டெச்சான் நகரை ஒட்டிப் பாயும் ஆற்றின் வடிநிலத்தில் பிரிஷ்டினா பல்கலைக்கழகத்தின் ஹலில் இப்ராஹிமி குழுவினர் சில கேடிஸ் பூச்சிகளைப் பிடித்தார்கள். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்துத் திறந்த வெளிகளில் வாழ்பவை. சில ஆண்டுகள் கழித்து, 2021 ஏப்ரலில், பொட்டமோஃபைலாக்ஸ் கொரோனாவைரஸ் என்ற பெயருடன் அந்தச் சிற்றினம் வெளியானது. உறவில் மிக நெருங்கிய ஒரு சிறு கூட்டத்தோடு ஒப்பிட்டு, உறுப்புகளின் வடிவிலும் மரபணு வரிசையிலும் அது தனித்து நிற்பதைக் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்துப் பூச்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்.

முதலில் குடும்பம், பேரினம் வரை எப்படிப் போகிறார்கள்?

தலையிலிருந்து தொடங்குவார்கள். உச்சியில் மூன்று சிறு கண்கள் உண்டா இல்லையா என்று பார்ப்பார்கள். வாயருகே தொங்கும் பால்ப் என்ற கணு நீட்சியில் எத்தனை கணு, கடைசிக் கணு நீளமாகி வளையும் தன்மையுடையதா என்று பார்ப்பார்கள். பொட்டமோஃபைலாக்ஸ் அடங்கிய லிம்னெஃபிலிடே குடும்பத்தில் ஆணுக்கு மூன்று கணு, பெண்ணுக்கு ஐந்து. சிறு கண்கள் உண்டு. ஹைட்ரோப்சைக்கிடேயில் சிறு கண்களே கிடையாது.

பிறகு கால்கள். காலின் நீண்ட கணுவில் அசையக்கூடிய முட்கள் இருக்கும். முன்கால், நடுக்கால், பின்கால் என்ற வரிசையில் அவற்றை எண்ணி 2-4-4 என்றோ 1-4-4 என்றோ எழுதுவது வழக்கம். முதலாவது ஹைட்ரோப்சைக்கி பேரினத்தில் காணும் எண்ணிக்கை, இரண்டாவது கிமாரா பேரினத்தில். அதன்பின் இறக்கை நரம்புகள் எங்கே கிளைக்கின்றன என்ற கணக்கு. நல்ல இனங்காண் திறவுகோல் கையிலிருந்தால் பேரினம் வரை வருவதற்குப் பயிற்சியுள்ளவருக்கு அதிக நேரம் பிடிக்காது.

சிற்றினத்துக்கு ஏன் ஆண் பூச்சியின் புணர்ச்சி உறுப்பையே பார்க்கிறார்கள்?

நிறமும் அளவும் நம்பகமில்லாதவை. கெடாமலிருக்கச் சாராயத்தில் (எத்தனாலில்) போட்டால் நிறம் போய்விடும். பிடிக்கும்போதே மயிர் உதிரும். உணவு குறைந்த ஓடையில் வளர்ந்தது சிறுத்திருக்கும். ஆணின் வயிற்று நுனியில் உள்ள பற்றும் உறுப்புகளும் ஆண்குறியும் ஒரே சிற்றினத்துக்குள் பெரும்பாலும் மாறாமல் இருக்கின்றன. அடுத்த சிற்றினத்துக்குப் போனால் தெளிவாக மாறுகின்றன. ஒரு முள்ளின் வளைவு, ஒரு மடலின் நுனியில் உள்ள பிளவு, பக்கவாட்டுத் தண்டின் மயிர்க்கற்றை என்று பார்க்க வேண்டியவை நிறைய. கிமாரா பேரினத்தில் மட்டும் 800க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. இந்த உறுப்பு இல்லையென்றால் அவற்றைப் பிரிக்க முடியாது.

பார்ப்பதற்கு முன் தசையைக் கரைக்க வேண்டும். வயிற்றுப் பகுதியைக் கழற்றி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மெல்லச் சூடாக்குவார்கள். சிலர் லாக்டிக் அமிலத்தை விரும்புகிறார்கள். மென்மையான சவ்வுகளை அது கெடுப்பதில்லை, அதிகமாகக் கரைந்துவிடும் பயமும் குறைவு. தசை போனபின் ஒளி ஊடுருவும் புறஓடு மட்டும் நிற்கும். அதை கிளிசரினில் வைத்துப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் கீழிருந்தும் படம் வரைவார்கள். ஆண்குறியைத் தனியே எடுத்தும் வரைவார்கள். நல்ல ஒளிப்படக் கருவிகள் வந்த பிறகும் கோட்டோவியம் கைவிடப்படவில்லை. ஒளிப்படத்தில் ஒரு தளம்தான் கூர்மையாக வரும். எல்லாத் தளங்களையும் கவனித்து, எது முன்னால் எது பின்னால் என்று தீர்மானித்துக் கோடு போடுகிறவர் வரையும்போதே அமைப்பைப் புரிந்துகொள்கிறார். இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் வரைவதற்குக் கட்டாயம் பழக வேண்டும் என்பேன்.

படம் முடிந்ததும் அந்த வயிற்றுப் பகுதியைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, அதே பூச்சியின் உடலோடு சேர்த்து வைக்க வேண்டும். பிரிந்துவிட்டால் மாதிரியின் மதிப்பு பாதியாகிவிடும்.

உலகத்தில் வேறு எங்கும் யாரும் இதை விவரிக்கவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

இந்த வேலையின் பெரும்பகுதி இதுதான். அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் மோர்ஸ் தொடங்கிய உலகக் கேடிஸ் பட்டியல், பேரினவாரியாக எல்லாப் பெயர்களையும் தருகிறது. அதிலிருந்து நம் பகுதிக்கும் அக்கம்பக்கத்துக்கும் உரியவற்றை எடுத்து, ஒவ்வொன்றின் முதல் விவரிப்பையும் தேடிப் பிடிக்க வேண்டும். அவை பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ இருக்கலாம். தென்கிழக்காசியப் பூச்சிகளுக்கு ஆஸ்திரிய அறிஞர் ஹன்ஸ் மாலிட்ஸ்கி தொகுத்து, 2010ல் சியாங் மாய் பல்கலைக்கழகம் வெளியிட்ட படத்தொகுப்பு பெரிய உதவி. அதன் பலமே கோட்டோவியங்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சில பழைய விவரிப்புகள் நான்கு வரியில் முடிந்துவிடும்: இறக்கை பழுப்பு, கால் மஞ்சள், நீளம் இத்தனை மில்லிமீட்டர். இதை வைத்து எதையும் உறுதிசெய்ய முடியாது. அப்போது அந்த விவரிப்புக்கு அடிப்படையான மூல மாதிரியையே பார்க்க வேண்டும். அது லண்டனிலோ ஒட்டாவாவிலோ ஓர் அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கும். நேரில் போக வேண்டும், அல்லது அங்குள்ள காப்பாளரிடம் படம் கேட்டுப் பெற வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்து வெளியிடப்பட்ட பெயர்கள் பின்னால் பழைய பெயரோடு ஒன்றாக்கப்பட்டு மறைகின்றன. விதிப்படி முதலில் வந்த பெயருக்கே உரிமை.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஒரு மாதிரியில் தெரியும் வேறுபாடு, அந்தச் சிற்றினத்துக்குள்ளேயே இயல்பாக உள்ள மாறுபாடாக இருக்கலாம். பல மாதிரிகள், முடிந்தால் பல ஓடைகளிலிருந்து, கையில் இருக்கும்போதுதான் அந்தச் சந்தேகம் தீரும்.

டிஎன்ஏ இருக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு?

டிஎன்ஏ பெரிய துணை. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவின் 658 எழுத்துக்கள் கொண்ட ஒரு துண்டை உலகெங்கும் அடையாளத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பெயர் சந்தேகத்துக்கிடமின்றித் தெரிந்த மாதிரியின் வரிசை, இப்படிப்பட்ட வரிசைகளைச் சேர்த்துவைத்த டிஎன்ஏ நூலகத்தில் இருந்தால், தெரியாத புழுவின் வரிசையை அதோடு ஒப்பிட்டு நொடியில் பெயர் சொல்லலாம். நூலகத்தில் இல்லாவிட்டால் "பொருத்தம் இல்லை" என்று வரும். அதற்குப் புதிய சிற்றினம் என்று அர்த்தமில்லை. நூறாண்டுக்கு முன் விவரிக்கப்பட்டு, இன்றுவரை டிஎன்ஏ எடுக்கப்படாத பூச்சியாகவும் இருக்கலாம். வெப்பமண்டலச் சிற்றினங்கள் பலவற்றின் நிலை அதுதான்.

எத்தனை விழுக்காடு வேறுபட்டால் தனிச் சிற்றினம் என்பதற்கும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் எல்லைக்கோடு கிடையாது. வடிவமும் மரபணுவும் வாழிடமும் ஒரே திசையைக் காட்டும்போது மனம் தெளிகிறது.

புழுவையும் முதிர்ந்த பூச்சியையும் ஒன்றுதான் என்று எப்படி இணைக்கிறார்கள்?

பெயர் முதிர்ந்த ஆணுக்கு வைக்கப்படுகிறது. ஓடையில் ஆண்டு முழுக்கக் கிடைப்பது புழு. பல சிற்றினங்களுக்கு இந்த இரண்டும் இன்னும் இணைக்கப்படவில்லை. வளர்த்துப் பார்க்கலாம், குளிர்ந்த, ஓடும் நீர் தேவைப்படுவதால் பெரும்பாலும் இறந்துவிடும். டிஎன்ஏ வழியாக இணைக்கலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: முதிர்ந்த ஆண் கூட்டுப்புழுவைத் தேடி எடுப்பது. அது உறைக்குள் மூடிக்கொண்டு உருமாறும்போது, கழற்றிப்போட்ட புழுத்தோலின் கெட்டியான தகடுகள் உறையின் பின்கோடியில் கிடக்கும். கூட்டுப்புழுவின் மெல்லிய தோலுக்குள்ளே முழுதாக உருவாகிவிட்ட ஆண் உறுப்பு தெரியும். ஒரே உறைக்குள் புழுவின் அடையாளமும் பூச்சியின் அடையாளமும் சேர்ந்து கிடைக்கின்றன. எளிய ஆய்வகத்திலும் செய்யலாம்.

பெயர் வைக்க என்னென்ன விதிகள்?

விலங்குப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு உண்டு. பெயர் லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த மொழிச் சொல்லிலிருந்தும் எடுக்கலாம். மற்றவற்றிலிருந்து பிரித்தறியும் விவரிப்பு வேண்டும். ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயரைத் தாங்கும் மாதிரி என்று வெளிப்படையாகக் குறித்து, அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படுகிறது என்பதையும் எழுத வேண்டும். 2012 முதல் மின்னிதழில் மட்டும் வெளியிட்டாலும் செல்லும், ஆனால் ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் முன்பே பதிந்திருக்க வேண்டும். தன் பெயரையே தான் கண்ட உயிருக்கு வைத்துக்கொள்வதில்லை என்பது வழக்கம்.

இன்னொரு பெயர் சேர்வதால் யாருக்கு என்ன பயன்?

கொசோவோவின் பூச்சிக்கு அந்தப் பெயர் வைத்ததன் காரணத்தை ஆய்வாளர்களே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் எழுதப்பட்டது என்பது ஒன்று. மாசும் ஒழுங்கற்ற நீர்மின் நிலையங்களும் தங்கள் ஆறுகளின் உயிர்களிடையே ஓசையில்லாத இன்னொரு பெருந்தொற்றாகப் பரவுகின்றன என்பது மற்றொன்று. பூச்சி கண்டெடுக்கப்பட்ட அதே ஆற்றில் ஒரு நீர்மின் நிலையத்துக்கு எதிராக அறிவியலாளர்களும் ஊர் மக்களும் போராடி வந்தார்கள். "இந்த ஆற்றில் பல பூச்சிகள் இருக்கின்றன" என்று மனு எழுதினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத, பெயருள்ள, ஓரிடத்துக்கே உரிய உயிர் என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

பெயர் தாமதமானால் என்ன ஆகும் என்பதை ரைன் ஆறு காட்டுகிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு சேகரித்து வைத்திருந்த பழைய மாதிரிகளைப் பார்த்து, 1977ல் மாலிட்ஸ்கி ஹைட்ரோப்சைக்கி டோபியாசி என்ற சிற்றினத்தை விவரித்தார். ஆற்றில் அதற்குள் அது இல்லை. ஆலைக்கழிவு நிறைந்திருந்த பத்தாண்டுகளில் மறைந்துவிட்டது. அற்றுப்போன உயிர்களின் பட்டியலில் இப்போது இருக்கிறது. தன்னைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதாமலே அது போய்விட்டது என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நீரின் தரத்தை அளப்பவர்களுக்கும் இது அன்றாடத் தேவை. மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ் ஆகிய மூன்று நீர்ப்பூச்சி வரிசைகளின் எண்ணிக்கையை வைத்து ஓடையின் நலத்தை மதிப்பிடும் முறை உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. ஒரே பேரினத்திலேயே ஒரு சிற்றினம் அழுக்கைத் தாங்கும், இன்னொன்று தாங்காது. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் ஓடை கெடத் தொடங்குவது தாமதமாகத்தான் தெரியவரும்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா?

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஃபெர்னாண்ட் ஷ்மிட் 1950களில் இலங்கையிலும் பிறகு இந்தியாவிலும் விரிவாகச் சேகரித்தார். இலங்கைக் கேடிஸ் பூச்சிகளைப் பற்றி அவர் 1958ல் பிரெஞ்சில் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படை. அண்மைக் காலத்தில் பாட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மல்கியத் சிங் சைனி, மன்பிரீத் சிங் பாந்தர் ஆகியோர் இந்தியச் சிற்றினங்கள் பலவற்றை விவரித்திருக்கிறார்கள். தெற்கே இன்னும் நிறைய ஓடைகள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு மலையும் தனித்தீவு போலப் பிரிந்து நிற்பதால், அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளில் வெவ்வேறு சிற்றினங்கள் இருக்க வாய்ப்பு அதிகம்.

யார் வேண்டுமானாலும் சேகரிக்கலாமா?

காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது. இலங்கையிலும் வனசீவராசிகள் திணைக்களம், வனத் திணைக்களம் ஆகியவற்றின் அனுமதி வேண்டும். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், புதிய சிற்றினம் கண்டவர் அதன் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. பூச்சிகளுக்கு அது இந்திய விலங்கியல் ஆய்வகம். அதன் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வாளரோடு மாதிரி பகிர்வதென்றால், அதே சென்னையில் தலைமையகம் கொண்ட தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

பெண் பூச்சி மட்டும் கிடைத்தால்?

பத்திரப்படுத்துங்கள், டிஎன்ஏ எடுங்கள், ஆண் கிடைக்கும்வரை பொறுங்கள். பெண்ணை மட்டும் வைத்துப் பெயரிடுவதை விதி தடுக்கவில்லை. அடுத்து வருகிறவருக்கு அது தலைவலியாகும்.

என்னிடம் எதிலும் பொருந்தாத ஒரு மாதிரி இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

முதல் வேலை சீட்டு எழுதுவது. எந்த ஓடை, அருகிலுள்ள ஊர், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், தேதி, விளக்குப்பொறியா கைவலையா, பிடித்தவர் யார் என்பதைப் பென்சிலால் தடித்த காகிதத்தில் எழுதி, குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு கழன்றுவிடும். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். ஆண்களில் சிலவற்றை 80 விழுக்காடு எத்தனாலில் வையுங்கள், வடிவம் பார்க்க ஏற்றது. இன்னும் சிலவற்றை 95 விழுக்காட்டில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள், டிஎன்ஏவுக்கு. அதே ஓடையில் வேறு மாதங்களிலும், அனுமதி இருந்தால் பக்கத்து ஓடையிலும் மீண்டும் விளக்கு வையுங்கள். அந்தப் பேரினத்தில் வேலை செய்கிறவரின் அண்மைக் கட்டுரையைத் தேடி, ஆண் உறுப்பின் பக்கவாட்டுப் படத்தோடு அவருக்கு எழுதுங்கள். முழுப் பூச்சியின் ஒளிப்படத்தை மட்டும் அனுப்பினால் எவ்வளவு பெரிய வல்லுநராலும் பேரினத்துக்கு மேல் சொல்ல முடியாது.